காலில் வலி, இடுப்பில் சிகிச்சை: இணைப்புத் திசு மசாஜ் எப்படி வேலை செய்கிறது?

சிங்கப்பூரில் உடம்பு வலிக்கு ஆள் தேடுகிறவருக்கு வழிக்குப் பஞ்சமில்லை. எம்ஆர்டி நிலையத்தை ஒட்டிய கடைத்தொகுதியில் கால் பிடித்துவிடும் கடை இருக்கும். வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் சீன மருந்துக்கடை இருந்தால், உள்ளறையில் துய்நா என்ற சீன மசாஜ் செய்பவரும் இருக்க வாய்ப்புண்டு. லிட்டில் இந்தியாவுக்குப் போனால் கேரள எண்ணெய்ச் சிகிச்சை. பிள்ளை பெற்ற வீடுகளுக்கு வந்து 'ஊருட்' என்ற மலாய் மசாஜ் செய்துவிடும் பெண்மணிகளை நம் குடும்பங்களிலும் அழைப்பதுண்டு. இவற்றில் எதற்குப் போனாலும் நம்மவர் வாயிலிருந்து வரும் ஒரு வாக்கியம் மட்டும் மாறுவதில்லை: "நல்லா அழுத்துங்க, வலிச்சாத்தான் சரியாகும்."

இணைப்புத் திசு மசாஜ் இந்த நம்பிக்கைக்கு ஒத்துவராத ஒரு முறை. இதில் எண்ணெய் கிடையாது. கட்டை விரலால் குத்துவதோ முழங்கையால் அமுக்குவதோ கிடையாது. கால் வலி என்று போனவருக்கு முதல் சில அமர்வுகளில் காலைத் தொடவே மாட்டார்கள். இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடியும் இடத்தில்தான் விரல் வைப்பார்கள். ஏன் என்பதைப் புரிந்துகொண்டால், மசாஜ் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதும் கூடவே புரிந்துவிடும். நம் சமூகத்தில் நீரிழிவுக்காரர்கள் அதிகம் என்பதால் இது தெரிந்துகொள்ளவேண்டிய விஷயம் என்றே நினைக்கிறேன்.

முதலில் அந்தத் திசுவைப் பார்த்துவிடுவோம். தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சிக் கடைக்காரர் தொடைக்கறி வெட்டும்போது நின்று பார்த்திருப்பீர்கள். தோல் உரித்த தொடைமேல் வெள்ளையாக, ஈரம் மினுங்கும் மெல்லிய படலம் ஒன்று ஒட்டியிருக்கும். கத்தி நுனியால் ஓரத்தைக் கிளப்பி இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் அப்படியே நீளமாக உரிந்து வரும். சில இடங்களில் வராது. இறைச்சியோடு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும், கத்தி போட்டால்தான் பிரியும். 'சவ்வை எடுத்திடுங்க' என்று நாம் கழிக்கச் சொல்வது அதைத்தான். நம் உடம்பிலும் இதேதான். தோலுக்கு அடியில் கொழுப்போடு கலந்த தளர்வான ஓர் அடுக்கு. அதற்கும் கீழே ஒவ்வொரு தசையையும் போர்த்தியிருக்கும் கெட்டியான உறை. இந்த உறையை மருத்துவர்கள் ஃபேஷியா என்கிறார்கள். தளர்வான அடுக்கு, உறை, தசைநாண், எலும்பு மூட்டுகளைக் கட்டும் நார்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் இணைப்புத் திசு.

இந்தத் திசுவின் பலம் கொலாஜன் என்ற புரத நாரில் இருக்கிறது. உடம்பிலுள்ள மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு இதுவே. கொலாஜன் இழுவையைத் தாங்கும். எலாஸ்டின் நார்கள் இழுத்தபின் பழைய நிலைக்குக் கொண்டுவரும். இரண்டுக்கும் நடுவே தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும் வழுவழுப்பான பொருள் நிரம்பியிருக்கும். அதில் ஹயலுரோனிக் அமிலம் இருப்பதால்தான் கையைத் தூக்கும்போது ஓர் அடுக்கின்மேல் இன்னோர் அடுக்கு சிக்காமல் வழுக்கிப் போகிறது. ரத்தக் குழாய்களும் நுண்ணிய நரம்பு முனைகளும் இதற்குள்ளேதான் ஓடுகின்றன. இந்த நரம்பு முனைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை அங்கேதான் திரும்பப் போகிறது.

உடற்கூறு படித்த மாணவர்கள் பல தலைமுறைகளாக இந்தப் படலத்தை வெட்டி ஒதுக்கிவிட்டுத் தசையையும் நரம்பையும் தேடிப் போனார்கள். ஃபேஷியாவுக்கென்றே முதல் அனைத்துலக ஆய்வு மாநாடு கூடியது 2007இல்தான், பாஸ்டனில். அதற்கு வெகுகாலம் முன்பே, நுண்ணோக்கியும் ஸ்கேனும் இல்லாமல், தன் விரல் நுனியை மட்டும் நம்பி இதில் இறங்கியவர் ஒரு ஜெர்மானியப் பெண்.

எலிசபெத் டிக்கே இயன்முறை சிகிச்சையாளர். 1929இல் அவருடைய வலது காலில் ரத்த ஓட்டம் கடுமையாகத் தடைபட்டது. கால் குளிர்ந்து வெளுத்துப்போனது. காலை எடுத்துவிடலாமா என்று மருத்துவர்கள் யோசிக்கும் நிலை. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்ததில் முதுகு வலியும் சேர்ந்துகொண்டது. பக்கவாட்டில் படுத்தபடி வலித்த இடத்தைத் தானே தடவிப் பார்த்தார். வலது பக்கம் இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலும் முதுகெலும்பின் அடிப்பகுதியிலும் தோலுக்கடியில் தடித்து, இறுகி, அடியோடு ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது. இடது பக்கம் அப்படி இல்லை. விரல் நுனியால் அந்த இடத்தை இழுத்து இழுத்துத் தேய்த்தார். முதலில் தாங்க முடியாத வலி. போகப் போக இறுக்கம் தளர்ந்தது. முதுகில் சூடு பரவியது. அவரே எதிர்பாராதபடி, செத்துப்போனதுபோல் கிடந்த காலுக்குள் ஊசி குத்துவதுபோன்ற உணர்வும் கதகதப்பும் இறங்கின. சக சிகிச்சையாளர் ஒருவரை வைத்து இதைத் தொடர்ந்தார். சுமார் மூன்று மாதங்களில் கடுமையான தொல்லைகள் அடங்கின. ஓராண்டுக்குள் வேலைக்குத் திரும்பினார்.

ஒருவருக்குக் குணமானது ஆதாரம் ஆகிவிடாது. நோய் தானாகவே தணிந்திருக்கலாம். ஆனால் டிக்கே தன் அனுபவத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்ததோடு நிற்கவில்லை. நோயாளிகளிடம் ஆண்டுக்கணக்கில் செய்து பார்த்தார்; பிறகு ஃபிரைபுர்க் நகரில் மருத்துவர் ஹெடெ டெய்ரிஷ்-லொய்பெயோடு சேர்ந்து முறைப்படுத்தினார். இருவரும் எழுதிய நூல் 1942இல் வந்தது. ஜெர்மன் மொழியில் இந்த முறைக்கு 'பிண்டெகெவேப்ஸ்மஸாஜ' என்று பெயர்.

கால் வலிக்கு ஏன் முதுகு? இதற்கான விடையின் பாதியை அவர்களுக்கு முன்பே இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் கண்டுவைத்திருந்தார்கள். லண்டனில் ஹென்றி ஹெட் 1890களில், உள்ளுறுப்பு நோயுள்ளவர்களுக்குத் தோலின் குறிப்பிட்ட பட்டைகளில் மட்டும் தொட்டாலே கூசுவதைக் கவனித்து வரைபடமாக்கினார். ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் மெக்கென்ஸி அதே விஷயத்தைத் தசைகளில் கண்டார். மாரடைப்பில் இடக்கை வலிப்பது எல்லாருக்கும் தெரியும். பித்தப்பைக் கல் வலது தோள்பட்டையில் வலிப்பதும் அப்படித்தான். கருவில் இருக்கும்போது உடம்பு அடுக்கடுக்கான பகுதிகளாக உருவாகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் தண்டுவடத்தின் ஓர் அடுக்கிலிருந்து நரம்பு போகிறது. வளர்ந்தபின் தோல் ஓரிடத்திலும் உறுப்பு வேறிடத்திலுமாக விலகிப் போனாலும் இரண்டின் செய்தியும் தண்டுவடத்தில் அதே அடுக்குக்குத்தான் வந்து சேர்கின்றன. உள்ளே எழும் தொல்லையைத் தோலின் தொல்லையாக மூளை எடுத்துக்கொள்கிறது.

டிக்கேயும் லொய்பெயும் கேட்ட கேள்வி எளிமையானது: உள்ளிருந்து வெளியே செய்தி வர முடியுமென்றால், வெளியிலிருந்து உள்ளே ஏன் போகக்கூடாது? முதுகுத் தோலை இழுத்தால் அதே அடுக்கில் இணைந்திருக்கும் ரத்தக் குழாய்களும் உறுப்புகளும் இளகாதா? இந்த எண்ணத்தில்தான் முதுகை மண்டலங்களாகப் பிரித்தார்கள். கால் ரத்தக் குழாய்க்கு ஒரு மண்டலம், குடலுக்கு ஒன்று, சிறுநீர்ப்பைக்கு ஒன்று, தலைவலிக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று. அந்த இடங்களில் தோல் உள்வாங்கியோ உப்பியோ இருக்கும், கிள்ளித் தூக்கினால் எழும்பாது என்று குறித்தார்கள்.

இங்கே ஒன்று சொல்லியாகவேண்டும். தண்டுவடம் வழியாகத் தோலும் உறுப்பும் தொடர்புகொள்வது உறுதியான உடலியல். முதுகைத் தடவிப் பார்த்து எந்த உறுப்பில் நோய் என்று கண்டுபிடித்துவிடலாம் என்பது அப்படியல்ல. தோல் உள்வாங்குவதற்கு உட்காரும் பழக்கம், வயது, உடல் எடை, பழைய காயம் என்று நூறு காரணம் உண்டு. முதுகைத் தொட்டதும் "உங்களுக்குக் கல்லீரல் சரியில்லையே" என்று ஒருவர் சொன்னால், அவரிடம் சிகிச்சைக்குப் படுக்காமல் எழுந்து வந்துவிடுவதே நல்லது. அந்தச் சந்தேகத்துக்குப் பலதுறை மருந்தகத்தில் ரத்தப் பரிசோதனை இருக்கிறது.

சரி, சிகிச்சை நடக்கும் விதத்துக்கு வருவோம். நோயாளி பெரும்பாலும் ஒரு முக்காலியில் நிமிர்ந்து உட்காருவார். பாதம் தரையில் படிந்திருக்கும். முதுகு திறந்திருக்கும். சிகிச்சையாளர் பின்னால் உட்காருவார். தோலை மடித்து விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே மேலே போவார். சதை தளர்ந்த இடத்தில் மடிப்பு சுலபமாக உருளும். இறுகிய இடத்தில் தோல் எழும்பவே எழும்பாது, நோயாளியும் 'ஸ்ஸ்' என்பார். பிறகு நடுவிரலையும் மோதிர விரலையும் கொக்கிபோல் சற்று வளைத்து, நுனிச் சதையைத் தோலில் பதிப்பார். பதித்த விரல் தோலின்மேல் வழுக்கக்கூடாது. தோலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகவேண்டும். எண்ணெய் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். தேங்காயெண்ணெயோ கோடாலித் தைலமோ இல்லாத மசாஜ் என்றால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நம்பவே மாட்டார்கள். ஆனால் வழுக்கிய விரலால் அடியிலுள்ள அடுக்கைப் பிடிக்க முடியாது.

இழுவை தசையின் ஓரத்திலோ எலும்பின் விளிம்பிலோ முடியும். அப்போது நோயாளிக்கு நகத்தால் கீறுவது போன்ற கூர்மையான உணர்வு தோன்றும். "நகம் படுதே, வெட்டலையா?" என்று கேட்காதவர் குறைவு. விரலைத் திருப்பிக் காட்டினால் நகம் ஒட்ட வெட்டியிருக்கும். இந்தக் கீறல் உணர்வு வந்தால்தான் விரல் சரியான அடுக்கைப் பிடித்திருக்கிறது என்று பொருள். மந்தமான, அமுக்கும் வலி வந்தால் தவறான ஆழத்துக்குப் போய்விட்டார் என்று அர்த்தம். ஆக, வலியின் அளவு இங்கே அளவுகோல் அல்ல. உணர்வின் தன்மைதான் அளவுகோல்.

எப்போதும் கீழிருந்து மேலே என்பது விதி. முதுகெலும்பின் அடிப்பகுதியும் இடுப்பும் முதலில். அங்கே இறுக்கம் தளர்ந்த பிறகே நடுமுதுகு, அப்புறம் தோள்பட்டை, கழுத்து, கடைசியில்தான் கை கால். அவசரப்பட்டு மேலே தாவினால் சிலருக்குத் தலைவலி, படபடப்பு, குமட்டல் வருவதாக இந்த முறையைக் கற்பிப்பவர்கள் எச்சரிக்கிறார்கள். ஓர் அமர்வு பெரும்பாலும் 20 முதல் 30 நிமிடம். இழுத்த இடமெல்லாம் சிவந்த கோடுகள் தெரியும். கோட்டைச் சுற்றிச் சிவப்பு பரவும். சிலருக்குத் தடிப்பும் எழும். தோலைக் கீறினால் இந்த மூன்றும் வரிசையாக வருவதை பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1920களில் விளக்கியிருக்கிறார். தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளியிடுகின்றன. நரம்பு முனைகள் அக்கம்பக்கத்து ரத்தக் குழாய்களை விரியச் செய்கின்றன. சிகிச்சை முடிந்ததும் பலருக்கு வியர்க்கும், தூக்கம் சொக்கும், சிறுநீர் கழிக்கத் தோன்றும். அதனால் உடனே எழுந்து பஸ்ஸைப் பிடிக்க ஓடாமல் கொஞ்ச நேரம் படுத்திருக்கச் சொல்வார்கள்.

பார்ப்பதற்கு இது சீனர்களின் குவா ஷா சிகிச்சைக்குத் தூரத்து உறவாகத் தெரியலாம். ஆனால் அதில் கரண்டியோ கொம்போ கொண்டு எண்ணெய் தடவிய தோலில் ரத்தக் கன்றல் வரும்வரை சுரண்டுகிறார்கள். இதில் கன்றல் வந்தால் அது பிழை. நம் சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் தொக்கணம் என்ற மசாஜும் ஒன்று. தட்டல், பிடித்தல், முறுக்கல் என்று அதற்குச் சொல்லப்படும் ஒன்பது செயல்களில் இழுத்தலும் இருக்கிறது. அதற்காக இதெல்லாம் நம்மிடமிருந்து போனது என்று சொல்லிவிட முடியாது. கையால் உடம்பைத் தொட்டு வலியைக் குறைக்க முயன்ற எல்லாச் சமூகங்களும் தோலை இழுத்துப் பார்த்திருக்கின்றன.

இனி, இது உள்ளே என்னதான் செய்கிறது? 'முடிச்சை உடைக்கிறோம்', 'ஒட்டிப்போன சவ்வைப் பிரிக்கிறோம்' என்பதுதான் மசாஜ் கடைகளில் அதிகம் கேட்கும் விளக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், தொடையின் வெளிப்புறத்து ஃபேஷியாவையும் உள்ளங்கால் ஃபேஷியாவையும் 1 விழுக்காடு அமுக்கவோ நகர்த்தவோ எவ்வளவு விசை வேண்டும் என்று கணக்கிட்டார்கள். மனிதக் கையால் பாதுகாப்பாகக் கொடுக்கக்கூடிய விசையைவிட அது எவ்வளவோ அதிகம் என்று தெரிந்தது. அந்தக் கொலாஜன் உறைகளை விரலால் நீட்டவோ உடைக்கவோ முடியாது. முடிந்திருந்தால் நாம் பஸ்ஸில் பிடித்துத் தொங்கும்போதே கை நைந்துபோயிருக்கும்.

அப்படியானால் தளர்வு எங்கிருந்து வருகிறது? அதிகம் பொருந்தும் விளக்கம் நரம்பு வழிதான். இணைப்புத் திசுவுக்குள் ஓடும் நரம்பு முனைகளை இழுவை தூண்டுகிறது. செய்தி தண்டுவடத்துக்குப் போகிறது. அங்கே வலிச் செய்திகளின் வரத்து மட்டுப்படுகிறது. இப்படித் தண்டுவடத்தில் ஒரு கதவு திறந்து மூடுகிறது என்ற கருத்தை ரொனால்ட் மெல்ஸாக், பேட்ரிக் வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இல் முன்வைத்தார்கள். அதே அடுக்கிலிருந்து கிளம்பும், நம் விருப்பத்துக்குக் காத்திராமல் தானே இயங்கும் தன்னியக்க நரம்புகள் ரத்தக் குழாய்களின் இறுக்கத்தை மாற்றக்கூடும். தசையும் பயந்து பிடித்துக்கொண்டிருந்ததை விடுகிறது. அடுக்குகளுக்கு இடையிலுள்ள வழுவழுப்பான பொருள் அசைவினாலும் சூட்டினாலும் இளகுவதும் துணைபுரியலாம். விரலால் சவ்வை அறுத்துவிட முடியாது, நரம்போடு பேசலாம். பேசுவதற்குக் கத்தவேண்டியதில்லை. பலமாக அழுத்தினால் அதிகப் பலன் என்ற கணக்கு விழுந்துபோவது இந்த இடத்தில்தான்.

திசுவே மாறுவதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் ஹெலன் லாஞ்செவினின் குழு அல்ட்ராசவுண்ட் வைத்து, நாள்பட்ட இடுப்பு வலி உள்ளவர்களின் கீழ்முதுகு இணைப்புத் திசு மற்றவர்களைவிடச் சுமார் 25 விழுக்காடு தடித்திருப்பதை 2009இல் காட்டியது. 2011இல் அதே குழு, அந்த அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவது சுமார் 20 விழுக்காடு குறைந்திருப்பதைக் காட்டியது. 1929இல் டிக்கேயின் விரல் உணர்ந்த தடிப்பு வெறும் கற்பனை இல்லை என்பதற்கு இது ஒரு சான்று. தடிப்பினால் வலியா, வலியினால் அசையாமல் இருந்து தடிப்பா என்பதை மட்டும் அந்தப் படங்கள் சொல்வதில்லை.

பலன் பற்றிய ஆய்வுகளில் நம்பிக்கை தருபவையும் உண்டு, ஏமாற்றம் தருபவையும் உண்டு. நார்வேயில் 1989இல் 12 தன்னார்வலர்களுக்கு இந்த மசாஜ் செய்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உடம்பே சுரக்கும் வலிநிவாரணியான பீட்டா-எண்டார்ஃபின் சராசரியாக 16 விழுக்காடு கூடியது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீடித்தது. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவில் நடுத்தர வயதினரிடமும் முதியவர்களிடமும் நடந்த ஆய்வில், ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு, தோல் வெப்பம் போன்ற தன்னியக்க நரம்பு அளவுகளில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் தென்படவில்லை. உடம்பு ஆரோக்கியமாக இருப்பவரிடம் மாற்றம் தெரியாமல் போயிருக்கலாம். ஆனால் 'நரம்பு மண்டலத்தையே மாற்றியமைக்கும்' என்று விளம்பரம் செய்கிறவர்கள் இந்த முடிவையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

எனக்கு அதிகம் பிடித்த ஆய்வு ஸ்வீடனில் 1999இல் வந்தது. உடம்பெங்கும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் 48 பேர். 10 வாரத்தில் 15 அமர்வுகள். வலி 37 விழுக்காடு குறைந்தது. மனச்சோர்வும் வலிமாத்திரைப் பயன்பாடும் குறைந்தன. நல்ல செய்தி இதுவரை. ஆனால் அவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். மூன்று மாதத்தில் கிடைத்த நிவாரணத்தில் சுமார் 30 விழுக்காடு கரைந்துபோனது. ஆறு மாதத்தில் வலி பழைய அளவில் 90 விழுக்காட்டை எட்டிவிட்டது. ஒரு சிகிச்சையைப் பற்றி நேர்மையாகச் சொல்வதென்றால் இப்படித்தான் சொல்லவேண்டும்: உதவுகிறது, ஆனால் தங்குவதில்லை. அந்த ஆறு மாத இடைவெளியில் நடக்கப் பழகி, தூக்கத்தைச் சரிசெய்து, தசைக்குப் பலம் சேர்த்துக்கொள்பவருக்குத்தான் அது லாபம்.

அண்மைக் காலத்தில் இந்த முறையை அதிகம் ஆராய்வது துருக்கியின் இயன்முறை மருத்துவர்கள். நாள்பட்ட மலச்சிக்கல் உள்ள 50 பேரிடம் அவர்கள் நடத்திய ஆய்வில், உணவு, தண்ணீர், நடை பற்றிய அறிவுரையோடு நான்கு வாரம் இந்த மசாஜையும் பெற்றவர்கள், அறிவுரை மட்டும் பெற்றவர்களைவிட நல்ல முன்னேற்றம் கண்டார்கள். மாதவிடாய் வலிக்கும் அங்கே செய்து பார்த்திருக்கிறார்கள். எல்லாமே சிறிய ஆய்வுகள். மசாஜ் கிடைத்தது யாருக்கு, கிடைக்காதது யாருக்கு என்பதை நோயாளியிடமிருந்து மறைக்க முடியாத சிகிச்சை என்பதால், பலனில் எவ்வளவு பங்கு இழுவைக்கு, எவ்வளவு பங்கு அக்கறையோடு ஒருவர் அரைமணி நேரம் தொட்டதற்கு என்று பிரிப்பது கடினம்.

இப்போது நம் வீட்டு விஷயம். சிங்கப்பூரின் 2010 தேசியச் சுகாதார ஆய்வில் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, மலாய்க்காரர்களில் 16.6, சீனர்களில் 9.7. 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தபோது, அதில் நமக்குத் தனிப் பங்கு இருந்தது. ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடுதலாக இருந்தால் அது கொலாஜன் நார்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. திசு விறைக்கிறது. தோள் இறுகிக் கை தூக்க முடியாமல் போவதும், விரல் மடங்கிச் சிக்கிக்கொள்வதும் நீரிழிவுக்காரர்களிடம் அதிகம் காணப்படுவதற்கு இது ஒரு காரணம். 'வயசாச்சு, அதான்' என்று பூசை அறையில் மணியடிக்கக் கை எழாத பெரியவர்கள் சொல்வார்கள். தோள் இறுக்கத்தைக் காட்டப் போய்ச் சர்க்கரை நோய் வெளியில் தெரிவதும் உண்டு.

ஸ்பெயினில், இரண்டாம் வகை நீரிழிவும் கால் ரத்தக் குழாய் அடைப்பின் ஆரம்ப நிலையும் உள்ள 98 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதிக்கு 15 வாரம் இணைப்புத் திசு மசாஜ். மறு பாதிக்கு இயக்காத காந்தக் கருவியால் பொய்ச் சிகிச்சை. மசாஜ் பெற்றவர்களின் கால் ரத்த ஓட்டம் மேம்பட்டது. சில அளவுகளில் அந்த முன்னேற்றம் ஓராண்டு கழித்தும் தெரிந்தது. டிக்கேயின் கால் கதைக்கு இவ்வளவு காலம் கழித்து வந்த நேரடிப் பரிசோதனை என்று இதைச் சொல்லலாம். ஆனால் 'ஆரம்ப நிலை' என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படிக்கவேண்டும். கால் விரல் கறுத்திருக்கிறது, புண் ஆறவில்லை, படுத்திருக்கும்போதே கால் வலிக்கிறது என்றால் அது மருத்துவமனைக்கு உடனே போகவேண்டிய நேரம். ஆரம்ப நிலையிலும் முதலிடம் நடைப்பயிற்சிக்கும் மருந்துக்கும் புகையை விடுவதற்கும்தான்.

நீரிழிவில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நரம்பு பாதித்துப் பாதம் மரத்துப்போனவருக்கு, எவ்வளவு இழுத்தாலும் தெரியாது. கீறல் உணர்வை வைத்துத்தான் ஆழத்தை அளக்கிறார்கள் என்றேன். அந்த உணர்வே இல்லாத இடத்தில் விரல் வைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது. தோல் கிழிந்தாலும் நோயாளி சொல்லமாட்டார். மரத்த பாதத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றோடு போகவேண்டாம். சிகிச்சைக்குப் பிறகு வரும் வியர்வையும் தளர்ச்சியும் மசாஜினாலா, சர்க்கரை இறங்கியதாலா என்று குழப்பம் வரும்.

யாருக்கெல்லாம் கூடாது என்பதையும் பார்த்துவிடலாம். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமை மருந்து எடுப்பவர்கள், நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுத்துத் தோல் மெலிந்தவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக்கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால், குறிப்பாக நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகோ அறுவை சிகிச்சைக்குப் பிறகோ, அதைப் பிடித்துவிடவே கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். இந்த ஊருக்கென்றே ஓர் எச்சரிக்கையும் உண்டு: டெங்கி. காய்ச்சலோடு முதுகும் மூட்டும் விண்விண்ணென்று வலிக்கும்போது, 'கொஞ்சம் பிடிச்சு விடு' என்று கேட்கத் தோன்றும். டெங்கியில் ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும். சாதாரண அழுத்தத்துக்கே தோல் கன்றிப்போகலாம். காய்ச்சல் இருக்கும் உடம்பில் எந்த மசாஜும் வேண்டாம்.

எங்கே போவது? சிங்கப்பூரில் மசாஜ் கடைகள் 2017ஆம் ஆண்டு மசாஜ் நிலையங்கள் சட்டத்தின்கீழ் காவல்துறையிடம் உரிமம் பெறுகின்றன. அந்த உரிமம் கடையை ஒழுங்காக நடத்துவதற்கானது. அங்கே வேலை செய்பவருக்கு உங்கள் நோயைப் பற்றித் தெரியும் என்பதற்கான சான்றிதழ் அல்ல. இயன்முறை சிகிச்சையாளர்கள் 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் துணைமருத்துவத் தொழிலர் மன்றத்தில் பதிவு செய்தாகவேண்டும்; ஒருவர் பதிவு பெற்றவரா என்பதை அதன் இணையப் பக்கத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். களைப்பு நீங்க, உடம்பு இளக என்றால் நல்ல மசாஜ் கடை போதும். நோய்க்கென்றால், பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ காட்டி, அவர் வழியாக இயன்முறை சிகிச்சையாளரிடம் போவதுதான் சரி. 'இணைப்புத் திசு மசாஜ்' என்ற பெயர் விளம்பரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. மயோஃபேஷியல் ரிலீஸ், டீப் டிஷ்யூ என்று பல பெயரில் பல வேலைகள் நடக்கின்றன. அவை எல்லாம் டிக்கேயின் முறை அல்ல. எந்த மருந்து எடுக்கிறீர்கள், சர்க்கரை உண்டா, பாதத்தில் உணர்வு சரியாக இருக்கிறதா என்று முதலில் கேட்கிறாரா என்பதைப் பாருங்கள். கேட்காமலே கை வைப்பவரிடம் இந்த முறை மட்டுமல்ல, எந்த முறையும் பாதுகாப்பானதல்ல.

வழக்கமாக வாரத்துக்கு இரண்டு மூன்று அமர்வுகள் வைத்துத் தொடங்குவார்கள். தொடங்கும் முன்பே, எதை அளக்கப் போகிறோம் என்று பேசிக்கொள்ளுங்கள்: நிற்காமல் எத்தனை புளோக் தூரம் நடக்க முடிகிறது, கை எந்த உயரம்வரை எழுகிறது, இரவில் எத்தனை முறை வலியில் விழிப்பு வருகிறது. ஆறேழு அமர்வுகள் ஆகியும் அந்த அளவு அசையவில்லை என்றால், பல அமர்வுகளுக்குச் சேர்த்து முன்கூட்டியே பணம் கட்டித் தொடராமல் நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் திரும்பிப் போய் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.